யானை மிதிக்காத மாப்பிள்ளை

14.5.2006, ஞாயிறு

காலையில் கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஒரு லாரி நடுரோட்டில் படுத்துவிட்டது. பின்னால் நாற்பது வண்டி. நாற்பதும் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் ஒரு பக்கச் சக்கரம் இரண்டும் பள்ளத்தில் தொங்க ஜீப்பை ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். உள்ளே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் பதினெட்டுப் பேர். ஒருத்தியும் மூச்சு விடவில்லை. நான் ஏழாவதோடு நின்றவன்தான். ஆனால் அந்த வளைவில் எந்த பி.ஏ. படித்தவனுக்கும் இந்தக் கை வராது.

மத்தியானம் தங்கச்சி பூமாரி வீட்டுக்குப் போனேன். திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் யுவராணி பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். நானூற்று ஐம்பது தாண்டுவாள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம். நான் ஜீப் ஸ்டாண்டில் நானூற்று எண்பது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரு டிரஸ்ட். தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்து பிளஸ் டூ வரை சும்மா படிக்க வைக்கிறார்கள். யுவராணிக்கு இடம் உண்டு. மாதக் கடைசிக்குள் தகப்பனார் இறப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் போச்சு.

ரெண்டே நாளில் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பூமாரி என்னைப் பார்த்தாள்.

அவள் புருஷன் முத்துக்கருப்பன் சாகவில்லை. அதுதான் சிக்கல்.

15.5.2006, திங்கள்

நினைக்க நினைக்க எரிகிறது.

தேவாரம் ஊரில் பொண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு மலைக்கு வேலைக்குப் போனான் அந்த மாப்பிள்ளை. போனவன் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். நான்தான் தாயையும் மகளையும் கம்பத்துக்குக் கூட்டி வந்தேன். 96-இல் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனேன். தகப்பனார் என்ன செய்கிறார் என்று எச்.எம். கேட்டார். அவனுக்கு மலையில் ஆண்பிள்ளை பிறந்து பேர் வைத்த சேதி அன்றைக்குக் காலையில்தான் என் காதுக்கு வந்திருந்தது. செத்துட்டான் சார் என்றேன்.

எப்படி என்று கேட்டார். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்குச் சின்னதாக வராது. யானை என்றேன். ஒற்றைக் கொம்பன். ஐந்து பெண்களை மரத்தில் ஏற்றிவிட்டு, வெறும் அரிவாளோடு எதிரே நின்று மிதிபட்டான் என்றேன். எச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே அவன்மேல் மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் துக்கம் கேட்க டீச்சர்களோடு வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பூமாரி உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தும் வெறுங்கழுத்து. “நீ சொல்லிட்டீல்லண்ணே. அதுக்கு ஏத்தாப்புல நான் இருக்கணும்ல” என்றாள்.

பத்து வருஷமாக அப்படியே இருக்கிறாள். மகள் பெரிய மனுஷியானபோது தலைக்குத் தண்ணீர் ஊற்ற அவளைக் கூப்பிடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தாய்மாமன் சீர் ஐம்பத்தொரு தட்டு கொண்டுபோனேன், தெருவே வாய் பிளந்தது. சரி, இருபத்தொன்று.

இதெல்லாம் யாரால்? அவன் ஒழுங்காக இருந்திருந்தால் நான் எதற்கு அவனைச் சாகடிக்கப் போகிறேன்?

17.5.2006, புதன்

பெண்களை இறக்கிவிட்டு அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். செத்தது கேரளத்தில் என்றுதானே சொல்லியிருக்கிறேன். கிளார்க் பேரேட்டைப் புரட்டினான். பேரைக் கேட்டதும் சிரித்தான். “ஆளு ஜீவனோட உண்டல்லோ சேட்டா.” நேற்றுக்கூட ரேஷன் கடையில் பார்த்தானாம்.

எனக்கு அங்கே எல்லோரையும் தெரியும், பிரசிடெண்டே என் ஜீப்பில் வந்தவர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சிரித்தான்.

18.5.2006, வியாழன்

அந்தப் பயலைப் பள்ளத்தில் உருட்டிவிட்டால் சான்றிதழ் தன்னால் வரும். எழுதியாச்சு. இப்போது கொஞ்சம் ஆறுகிறது.

20.5.2006, சனி

அவனையே போய்ப் பார்த்தேன். நாலு அறை விடுவது, பிறகு அவன் பேரை அங்குள்ள ரேஷன் கார்டிலிருந்து எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது, அதைக் காட்டிச் சான்றிதழ் வாங்குவது, இதுதான் திட்டம். செத்தவனிடமே அவன் சாவுக்குக் கையெழுத்துக் கேட்கப் போன ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர் வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தான். முடி நரைத்துவிட்டது. ஆள் பாதியாக இளைத்திருந்தான். வா மச்சான் என்று சிரித்தான். பத்து வருஷம் கழித்து, நேற்றுப் பார்த்தவன் மாதிரி. ஓங்கின கை கீழே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தித்தான் சொன்னேன். ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

“யானையா மிதிச்சுச்சு?”

“ஆமா.”

“எத்தன பொம்பளைகள காப்பாத்துனேன்?”

“அஞ்சு.”

ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தான். “ஒருத்தியக்கூட காப்பாத்துனது இல்ல மச்சான் நான்” என்றான். பிறகு, “புள்ள அத நம்புதா?” என்று கேட்டான்.

நம்புகிறாள் என்றேன். அப்படியென்றால் தான் செத்தவனாகவே இருந்துகொள்வதாகச் சொன்னான். கார்டில் மட்டும் கை வைக்க முடியாதாம், அதில் அவன் பையன் பேரும் இருக்கிறதாம்.

என்ன திமிர். நான் கட்டின கோயிலில் அவன் சாமியாக உட்கார்ந்துகொண்டான். பத்து வருஷம் பீஸ் கட்டினவன், சைக்கிளில் ஏற்றிக் கொண்டு விட்டவன், கையெழுத்துப் போட்டவன் நான். ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து அந்தப் பிள்ளை பேசினது யாரைப் பற்றி? சாக்கு தைக்கிறவனைப் பற்றி.

21.5.2006, ஞாயிறு

கெட்டுப்போச்சு.

நேற்று நடந்ததைப் பூமாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மெதுவாகப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. தண்ணீர்க் குடத்தோடு யுவராணி வாசலில் நின்றதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. குடத்தை இறக்கிவைத்தாள். தண்ணீர் சிந்தக்கூட இல்லை. அழவும் இல்லை.

“போன வருசம் ஸ்கூல் கக்கூஸ்ல பாம்பு வந்தப்ப எல்லாரும் ஓடுனாளுக. நான் மட்டும் நின்னு சின்னப் புள்ளைகள வெளிய அனுப்புனேன். எதுக்குன்னு நெனச்சீக மாமா?”

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

“எங்கப்பா நின்னாருல்ல, அவரு மக ஓடக்கூடாதுன்னு நின்னேன். எனக்குக் காலெல்லாம் நடுங்குச்சு.”

உன் நல்லதுக்குத்தான் தாயி என்றேன். அம்மாவின் நெற்றியைக் காட்டி, “இதுவும் என் நல்லதுக்கா?” என்று கேட்டாள்.

என்னிடமே. தூக்கி வளர்த்தவனிடமே. வந்துவிட்டேன். சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

24.5.2006, புதன்

பூமாரியை மட்டும் தோட்டத்து ரோட்டில் நிறுத்திப் பேசினேன். இனிமேல் பொட்டு வைத்துக்கொள், ஊருக்கு நான் வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்றேன். முடிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீ ஒண்ணும் சொல்லாதண்ணே. அதுவே போதும்.”

என்ன செய்துவிட்டேன் நான்? எல்லோருக்கும் அவன்மேல் கோபம் வரவில்லை, என்மேல் வருகிறது. அவன் செய்ததற்கு ஒரு துணி போட்டு மூடினேன். அந்தத் துணி கொஞ்சம் சரிகையாக இருந்தது, அவ்வளவுதான்.

26.5.2006, வெள்ளி

ரிசல்ட். நானூற்று அறுபத்தொன்று. மிட்டாய் வாங்கிக்கொண்டு போனேன். வாங்கி வைத்துக்கொண்டாள். பிரிக்கவில்லை.

28.5.2006, ஞாயிறு

விடியும்போது ஸ்டாண்டுக்கு வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால், வேலைக்குப் போகிற பெண்களோடு. முன் சீட்டுக்கு வா என்றேன், வரவில்லை. எங்கே போகிறாள் என்று நான் கேட்கவில்லை. வழியெல்லாம் பாட்டுப் போடவும் இல்லை.

ஸ்டோர் வாசலில் இறங்கிப் போனாள். நான் ஜீப்பிலேயே இருந்தேன். பேச்சு காதில் விழவில்லை, பார்க்க மட்டும் முடிந்தது. அவன் எழுந்து நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். இவள்தான் பேசினாள். உள்ளேயிருந்து ஒரு பையன் டீ கொண்டுவந்தான். இவளுடைய நெற்றி, இவளுடைய மூக்கு. ஒரே அச்சு. குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். கால் மணி நேரம்கூட இல்லை.

மலை இறங்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டேன். அழுதானா? காலில் விழுந்தானா?

“இல்ல மாமா. மார்க்கு எவ்வளவுன்னு கேட்டாரு. சொன்னேன்.” இரண்டு வளைவு தாண்டி மறுபடியும் பேசினாள். “அவரு சும்மா ஒரு ஆளு மாமா.”

இதை வைத்து ஸ்டாண்டில் நான் என்ன கதை சொல்ல? ரோடு மங்கலாகத் தெரிந்தது. கோபம்தான்.

31.5.2006, புதன்

மதுரைக்கு அவளே கடிதம் எழுதிப் போட்டுவிட்டாள். தகப்பனார் உயிரோடு இருக்கிறார், இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள் என்று. என்னிடம் கேட்கவில்லை. மலைக்குப் போன ஒருத்தனால், நான் சொன்ன ஒரு யானையால், மதுரையில் படிக்க வேண்டிய பிள்ளைக்கு இடம் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். கிளட்ச் போனது.

5.6.2006, திங்கள்

இங்கேயே பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. வெள்ளைச் சட்டை போட்டுப் பையில் பேனா சொருகிக்கொண்டு நானும் போனேன். எப்போதும் காப்பாளர் கையெழுத்து என்னுடையதுதான். பாரத்தை யுவராணியே நிரப்பினாள். கையெழுத்து இடம் வந்ததும் அம்மாவிடம் நீட்டினாள். பூமாரி குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரைப் போட்டாள். கைநாட்டு வைக்கிறவள். எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

பெரிய டீச்சர், தகப்பன் காலமானவர் என்று இருந்த பழைய பள்ளிச் சான்றிதழையும் பாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்பா இருக்கிறாரா என்று கேட்டார்.

“இருக்காரு டீச்சர். எங்ககூட இல்ல.”

“அப்ப யாரு உன்ன வளத்தது?”

“எங்கம்மா.”

கூட நிற்பது யார் என்று என் பக்கம் கையைக் காட்டினார். யுவராணி திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எங்க மாமா. ஜீப் ஓட்டுறாரு.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பூமாரி தலை குனிந்துகொண்டாள். வாய் வரைக்கும் என்னவெல்லாமோ வந்தது.

ஆமா டீச்சர், ஜீப்தான் என்றேன்.