படத்தின் மூலையில் போட்ட தேதி

11.7.1971

பள்ளிக்கூடக் கரஸ்பாண்டண்ட் சவரிராயர் கூப்பிட்டனுப்பினார். பெரிய பண்ணைக்காரர். என் டிராயிங் டீச்சர் வேலையை நிரந்தரமாக்கும் கையெழுத்தும் அவரிடம்தான். தெற்கு வயலில் மாதா கோயில் கட்டப் போகிறாராம். உட்புறம் எப்படி இருக்கும் என்று வாட்டர்கலரில் வேண்டுமாம். "வளைவெல்லாம் கூர்கூரா இருக்கணும் டீச்சர், வெள்ளைக்காரன் கட்டின மாதிரி."

கட்டாத கோயிலுக்குள் நான் எங்கே போய் நிற்பது?

17.7.1971

தஞ்சாவூர் போய் ஒரு பழைய தேவாலயத்தில் மூன்று மணி வரை உட்கார்ந்து வரைந்தேன். இடுப்பு போய்விட்டது. தூண்கள் மேலே ஏறி, விரல் கோத்த மாதிரி சேர்கின்றன. சன்னல் கண்ணாடியின் நீலமும் சிவப்பும் தரையில் விழுந்து கிடந்தன. இதை மட்டும் ஒழுங்காக வரைந்துவிட்டால் போதும் என்று இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

25.7.1971

மூன்றாவது தாள். முதல் தாளைப் பார்த்து "ஃபேன் எங்க?" என்றார். அந்த உயரத்தில் ஃபேனைத் தொங்கவிட்டால் யாருக்குக் காற்று வரும்? இரண்டாவதில் பெஞ்சு போட்டேன். "நம்ம ஜனங்க தரையிலதானே உட்காருவாங்க. பெஞ்ச எடுத்துடுங்க." எடுப்பதாம். கரும்பலகையா இது? வாட்டர்கலரில் வெள்ளை என்பது சாயம் படாமல் விட்ட தாள். ஒரு தடவை நனைந்தால் போச்சு. அந்த மனுஷருக்கு இதை யார் சொல்வது.

8.8.1971

முடிந்தது. ஃபேன் இல்லை. நன்றாக வந்திருக்கிறது — நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள். மூலையில் சௌந்தரநாயகி, 8.8.71 என்று போட்டேன்.

10.8.1971

படம் பிடித்ததாம். தேதி பிடிக்கவில்லையாம். 71 என்பது 69 ஆக வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். "ரெண்டு வருஷமாவே மனசுல இருந்ததுதானே டீச்சர். உங்க ஆர்டரையும் இந்த வாரமே அனுப்பிடறேன்."

பிளேடால் சுரண்டி, ஸ்பூனின் முதுகால் தேய்த்து, 69 என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம். ஒரு எண்தானே. தொல்லை விட்டது.

16.8.1971

ஆர்டர் வந்தது. வேலை நிரந்தரம்.

5.9.1971

வறட்டி கொண்டுவரும் காத்தாயி, சுவரில் ஒட்டியிருந்த அந்த இரண்டாவது தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சவரிராயர் பண்ணையில் நடவுக்கும் களைக்கும் போகிறவள்.

"இதுதானா டீச்சர் அந்தக் கோயிலு?"

அவள் சொல்லித்தான் தெரிந்தது. போன வருஷம் வந்த நில உச்சவரம்புச் சட்டப்படி சர்க்காருக்குப் போகவேண்டிய நாற்பது ஏக்கரைக் கோயில் பேரில் எழுதி வைத்திருக்கிறார். கோயில் நிலத்தை எடுக்க முடியாதாம். ஆனால் சட்டத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அறுபத்தொன்பதிலேயே கோயிலுக்கு ஏற்பாடு நடந்தது என்று ஆபீசில் காட்டியிருப்பது என் படத்தை. பதினைந்தாம் தேதி விசாரணை.

"மிச்ச நிலம் கெடைக்கும்னு சங்கத்துல பேரு எழுதிக் குடுத்தோம். எனக்கு மூணு மா, ஒரு ஏக்கரு வரும்னாங்க. இப்ப சாமி பேருல இருக்குதாம். சாமிகிட்ட போயி சண்டை போட முடியுமா டீச்சர்?"

வறட்டியை அடுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு எண்தானேன்னு எழுதினவ யாரு? நான்தான். இதோ, ரெண்டு பக்கம் முன்னாடி. நானெல்லாம் ஒரு வாத்தியார்.

12.9.1971

சவரிராயரிடம் படத்தைத் திருப்பிக் கேட்டேன். "அது ஃபைலுக்குப் போயிடுச்சே. நீங்க எதுக்கு அலட்டிக்கிறீங்க?" என்று காபி கொடுத்து அனுப்பினார்.

வாயால் சொன்னால் எவன் நம்புவான்? சுரண்டினது தெரியாதபடி அவ்வளவு நேர்த்தியா சுரண்டித் தொலைச்சிருக்கேன். தேதி போட்டு எழுதினதாக என்னிடம் இருப்பது இந்த நோட்டு ஒன்றுதான். இதைக் கொடுத்தால் பத்தாம் தேதிப் பக்கமும் சேர்ந்து போகும். அதை மட்டும் கிழித்துவிடலாமா? கிழித்தால் மீதியை எவன் நம்புவான்?

கிழிக்கவில்லை. பயமாக இருக்கிறது.

16.9.1971

புது நோட்டு. பழையது ஆபீசில்.

நேற்று அதிகாரி பத்தாம் தேதிப் பக்கத்தை என்னிடமே நீட்டி, "நீங்களே படிங்கம்மா" என்றார். சவரிராயர் எதிரில் உட்கார்ந்திருந்தார். "ஒரு எண்தானே" என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். படத்தையும் நோட்டையும் சேர்த்துக் கட்டி உள்ளே கொண்டுபோனார்கள்.

14.10.1973, வேதாரண்யம்

அந்தப் பள்ளிக்கூடம் என்னை வேலையை விட்டு அனுப்பி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு டிராயிங் டீச்சர் வேலை யாரும் தரவில்லை. உப்பளத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். எரிச்சல் மட்டும் குறைந்தபாடில்லை.

மத்தியானம் வாசலில் காத்தாயி. விசாரித்து விசாரித்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். அவள் பேரில் பட்டா. மூன்று மா.

"எல்லாரும் படிச்சுச் சொல்லிட்டாங்க டீச்சர். தேதி சரியா போட்டிருக்கான்னு மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க."

இரண்டு தடவை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.