எல்லா முனியப்பனும் ஒரே ஆள்

காலையில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது போனில் அந்த மணி ஒலித்தது. "இந்த வெள்ளிக்கிழமை பொங்கல் முறை: டைலர் முனியப்பன் வீடு." கோயிலுக்கென்று நீ எழுதிக்கொடுத்த புரோகிராம் அனுப்பிய செய்தி. நீ போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. அது மட்டும் வாரம் தவறாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அதைத்தான் ஊரில் நிறுத்தச் சொன்னார்கள், தங்கச்சி. சாமி குத்தம் செய்த புரோகிராமாம் அது. அந்தக் குத்தம்தான் காய்ச்சலாக வந்து உன்னைக் கொண்டுபோனதாம். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பெங்களூர் வேலையைப் பாப்பாரப்பட்டியில் என் வீட்டிலிருந்தே நீ பார்த்த நாட்களில், சனிக்கிழமை சாயங்காலம் உன் ஆபீஸ் தோழிகள் எல்லோரும் வீடியோவில் கூடுவீர்கள். "இந்த வாரம் யார் எதை உடைச்சீங்க?" என்றுதான் பேச்சே தொடங்கும். நான் நிலக்கடலை உரித்துக்கொண்டே கேட்பேன். ஒருத்தி, சோதனைக்கு எழுதிய "சாப்ட்டியா மச்சி?" என்ற செய்தியைக் கம்பெனியின் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள். பாதிப் பேர் "சாப்ட்டேன், நீங்க?" என்று பதில் போட்டார்களாம். இன்னொருத்தி பழைய புரோகிராம் ஒன்றைத் திறந்தால், முன்னால் வேலை பார்த்தவர் உள்ளே எழுதிவைத்திருந்தாராம்: "இந்த வரியைத் தொடாதே. ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியாது."

"எங்க வூட்டு கிரைண்டரும் அப்படித்தாங்க. பக்கத்துல ஒரு தட்டு தட்டினாத்தான் சுத்தும்" என்று நான் வாயை விட்டேன். அன்றுமுதல் எனக்கும் அங்கே ஓர் இடம் போட்டுவிட்டாய். பத்தாவதோடு நின்றவள் நான். வீட்டுக் கணக்கை எழுதியெழுதிப் பழகிய கையை நம்பி, உன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உன் புரோகிராம் எழுத்தையும் படிக்கப் பழகினேன்.

அப்புறம்தான் நம் கதை நடந்தது. எந்த வெள்ளி யார் வீட்டுப் பொங்கல் முறை என்பதை ஆளாளுக்கு மறக்கிறார்களே என்று இந்தப் புரோகிராமை எழுதினாய். பேரை வைத்து ஆளைத் தேடும்படி எழுதினாய். நம் ஊரிலா! குலசாமி முனியப்பன் பேரையே மூத்த பிள்ளைக்கு வைக்கிற ஊரில், தெருவுக்கு ஒரு முனியப்பன். உன் கம்ப்யூட்டருக்கு எல்லா முனியப்பனும் ஒரே ஆள். எந்த முனியப்பன் முறை வந்தாலும் செய்தி சித்தேரி பஸ் ஓட்டுகிற முனியப்பன் மாமாவுக்கே போனது. சாமி உத்தரவு என்று அவரும் மூன்று வாரம் வாய்திறக்காமல் பொங்கல் வைத்தார். நாலாம் வாரம் யூனிபார்மோடு வந்து நின்றார்.

"ஏம்மா, ஊர்ல மத்தவங்க வூட்டுல அரிசியே இல்லீங்களா? எனக்கு டூட்டி இருக்குது. இன்னிக்கு யாரும் பானை வெக்கல, போய்ப் பாருங்க."

நாம் இருவரும் அரிசியோடு கோயிலுக்கு ஓடினோம். உச்சிப்பொழுது ஆகிவிட்டது, பொங்கல் இறங்க. புரோகிராமைத் திருத்த அப்பன் பேரையும் சேர்த்துப் பார்த்தாய். பாதிப் பேருக்கு அப்பன் பேர் மாதேசன். கடைசியில் பட்டப்பேர்தான் கைகொடுத்தது. அதற்கும் "என்னை எதுக்கு மொட்ட முனியப்பன்னு போட்ட?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

அந்தச் சனிக்கிழமை நீயே அதைச் சொல்லி, எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். "சாமி காரியத்துல சிரிப்பா?" என்று அப்புறம் நான் பயந்தேன். "ஒளிச்சு வெச்ச தப்புதான்க்கா கெட்டது. சொல்லிச் சிரிச்சுட்டா பாதி திருந்திடும்" என்றாய்.

போன வாரம் கோயில் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் எழுந்து, "சாமியப் பட்டினி போட்டுட்டு சிரிச்ச பொண்ணு, என்னாச்சு பாத்தீங்க இல்ல?" என்றார். நான் எழுந்தேன்.

"நானுந்தாங்க சிரிச்சேன். வெள்ளி செவ்வாய் தவறாம கும்புடுற நான் உசுரோட நிக்கிறேன். ஒரு வேளை சோறு தாமசமானதுக்குச் சின்னப் பொண்ணு உசுரை எடுக்கிற சாமியையா நான் இத்தனை நாளா கும்புட்டேன்? எங்க சாமிய அப்படிக் கேவலமாப் பேசாதீங்க."

பின்வரிசையிலிருந்து பஸ் முனியப்பன் மாமாவின் குரல் வந்தது. "குத்தம்னா, மூணு வாரம் அடுத்தவன் முறையைத் தின்னவன் நானுங்க. எனக்கில்ல காய்ச்சல் வந்திருக்கணும்?" முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அப்புறம் எல்லோரும். உன் கதைக்கு நம் ஊர் சிரித்தது.

பெரியவர் கொஞ்சம் இறங்கினார். "சரி, ஓடட்டும். ஒவ்வொரு செய்திக்கும் அடியில அந்தப் பொண்ணு எழுதியிருக்குதே, 'தப்பிருந்தால் என்னைத் திட்டுங்கள், சாமியை அல்ல'ன்னு, நம்பரோட. அதையாவது எடுத்துடு. செத்தவங்க பேச்சு கோயில் செய்தியில எதுக்கு?"

"எடுக்க மாட்டேனுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து புரோகிராமைத் திறந்து அந்த வரிக்குப் போனேன். வார்த்தை ஒன்றையும் தொடவில்லை. உன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டேன். இனி திட்டு எனக்கு வரும்.