அப்பாவின் நெருப்பு

அன்புத் தம்பி டார்சியோ,

நெருப்பு மூட்டியவரைத் தவிர வேறு யாரும் இறைச்சிக் கம்பியைத் தொடக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். போன கிறிஸ்துமஸில் அப்பா மூட்டிய நெருப்பில் நீ கம்பியைத் திருப்பியதற்கு, "அடுத்தவன் நெருப்புல கை வைக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று அப்பா எல்லோர் முன்னாலும் கத்தினார். அன்று போனவன்தான் நீ.

அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். மாத்தே இலைத் தேநீர் குடிக்கும்போது மட்டும் குடுவையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஞாயிறன்று கரி மூட்டினார். மாட்டு விலாவுக்கு வழக்கம்போல் கல்லுப்பு மட்டும்தான். அப்பா பிடித்த கம்பி வெகுநேரம் திரும்பவே இல்லை. பக்கத்து வீட்டு ஒலிவியோ எழுந்து கை நீட்டினார்.

"நீ உக்காருய்யா. அது என் பையன் பாக்க வேண்டிய வேலை," என்றார் அப்பா.

விலா கருகிவிட்டது. எல்லோரும் அதையே தின்றோம்.

வரும் ஞாயிறுக்கும் விலாவே வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். இன்னொரு வாரம் கரியைத் தின்ன எங்களால் ஆகாது. வந்து சேர்.

உன் அக்கா