திரும்பவும் கேட்க வேண்டும்

இன்று வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போது கோப்பி மணத்தது. கீழ்வீட்டில் போட்டிருப்பார்கள். ஆனாலும் கால்கள் நின்றுவிட்டன, அக்கா. சீனி போடாத கோப்பியையும் கரண்டியால் கலக்குகிறவள் நீ. "சீனியில்லாமல் என்னத்தைக் கலக்கிறாய்?" என்று கேட்டால், "மூளையை" என்பாய்.

விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கேட்பது உன் படிப்பு. "அங்கை ஒருத்தரும் இல்லையெண்டால்?" என்று ஒருநாள் சமையலறையில் கேட்டேன். கரண்டி நிற்கவில்லை.

"இல்லையெண்டு சொல்ல நாங்கள் ஆர்? நாங்கள் கதவுக்கு வெளியிலை நிக்கிறம். அவ்வளவுதான் தெரியும்."

"ஏதும் சத்தம் வந்தால்?"

"ஒருக்கால் கேட்டதை நம்பாதை. திரும்பவும் கேக்கவேணும்."

நீ போன எட்டாம் நாள், நாமிருவரும் இருந்த இந்த வீட்டில், உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து உன் படத்தின்முன் படைத்தார் அம்மா. கோப்பியும் வைத்தார். இறந்தவர் வந்து உண்ணும்வரை எல்லோரும் வெளியே நிற்பது நம் வழக்கம். கதவைச் சாத்திவிட்டுப் படியில் நின்றோம். இந்த நாட்டுக் கதவு, சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். பிறகுதான் அம்மா கேட்டார், "திறப்பு ஆரிட்டை?"

எல்லாத் திறப்பும், ஒரு சாவி விடாமல், உள்ளே.

"அவளையே திறக்கச் சொல்லுங்கோ," என்றார் சித்தப்பா. சிரித்தோம். நேரம் முடிந்து படிவிளக்கு தானாக அணைந்தது. சிரிப்பும் நின்றது.

பூட்டுத் திறக்க வந்த ஜெர்மன்காரருக்கு எங்கள் வழக்கம் எதுவும் தெரியாது. கதவில் காதை வைத்தவர் திரும்பிப் பார்த்தார். "கோப்பையில் கரண்டி படுகிறதே. உள்ளே இருப்பவரே திறக்கலாமே?" என்று தன் மொழியில் கேட்டார்.

எனக்கும் கேட்டது.

"பொறுக்கச் சொல்லு பிள்ளை," என்றார் அம்மா. "அவள் குடிக்கட்டும்." அவரும் கருவியைப் பிடித்தபடி பொறுத்திருந்தார்.

கதவு திறந்தபோது கோப்பை நிரம்பியே இருந்தது. கரண்டி அதற்குள் நின்றது. யார் போட்டது என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

அம்மாவுக்கு அது போதும், நீ வந்துபோனாய். எனக்குப் போதவில்லை. என்னை அப்படிப் பழக்கியவள் நீதான். அன்றிலிருந்து, இப்போது நான் மட்டும் இருக்கும் இந்த வீட்டின் கதவை, கையில் திறப்பிருந்தும் முதலில் தட்டுகிறேன். படிவிளக்கு அணையும்வரை கதவில் காதை வைத்து நிற்கிறேன். நட்சத்திரங்களுக்கிடையே உள்ள வெறுமையை நீ விளக்கியபோது எனக்குப் பயம் வந்ததில்லை. இந்தக் கதவுப் பலகையின் தடிப்புக்குப் பயமாயிருக்கிறது.

இன்றும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து கோப்பி போட்டேன். சீனி போடவில்லை. கலக்கிக்கொண்டிருக்கிறேன், கதவுக்கு வெளியே யாராவது நின்றால் கேட்கட்டும் என்று.