நான் சொல்லித்தான் படகு உள்ளே போனது

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, சின்னக்குட்டி மூன்று பேரும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் நினைப்பு. இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம்தான், வலது கையில் மட்டும் இன்னும் கட்டு இருக்கிறது, எலும்பு கூடி வருகிறது என்று டாக்டர் போன வாரம் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அருங்காட்சியகப் படிக்கட்டில் கால் தவறி விழுந்துவிட்டாள் என்று உன்னிடம் போனில் சொன்னோம் அல்லவா, அது பொய். சொன்னது அவள், சொல்ல வைத்தது நான். உண்மையைச் சொல்ல நாலு தடவை போனை எடுத்தேன், நாலு தடவையும் குழந்தை சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நான் ஓய்வு பெற்ற பிறகு வியாழக்கிழமைதோறும் நாங்கள் ஊர் சுற்றுகிறோம் என்பது உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான், இந்த ஊரில் நான் நுழையாத பெரிய கட்டடம் கிடையாது, ஆனால் எல்லாவற்றிலும் பின்வாசல் வழியாக, டார்ச்சும் நோட்டுமாக, மீட்டர் இருக்கும் நிலவறை வரைக்கும்தான். மேலே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை. "இனிமேலாவது முன்வாசல் வழியாப் போவோம், வாங்க" என்று ஆரம்பித்து வைத்தது அம்மாதான். ஒரு வியாழன் நாணயக் காட்சிசாலை, அடுத்த வியாழன் பழைய நீதிமன்றம், அதற்கடுத்து ஓவியக்கூடம் என்று போனோம். அம்மா ஒரு ஓவியத்தின் முன்னால் நின்றால் அரை மணி நேரம் நகர மாட்டாள், எனக்கோ அவ்வளவு பொறுமை கிடையாது, காவலாளியிடம் போய் இந்தச் சுவருக்குப் பின்னால்தான் பெரிய குழாய் போகிறது, அந்த மூலையில் ஒரு காலத்தில் கிணறு இருந்தது என்று அளந்துகொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்கும் நாலு பேர் காது கொடுத்துக் கேட்டார்கள். அடுத்த வாரம் அது எட்டுப் பேர் ஆனது. நகர அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரே கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் இங்கே வழிகாட்டியாக வாருங்கள், சட்டையில் குத்திக்கொள்ள அட்டை தருகிறோம் என்றார். அன்றைக்குத்தான் நீயும் போன் செய்து, எங்கப்பாவுக்கு அந்த ஊர் உள்ளங்கை மாதிரி என்று உன் ஆபீஸில் எல்லாரிடமும் சொன்னதாகச் சொன்னாய். அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லி அம்மாவின் காதைப் புளிக்க வைத்தேன். தலைக்கனம் ஏறிவிட்டதம்மா, அதுதான் உண்மை.

அதற்கு அடுத்த வியாழன் கால்வாய்ப் படகில் போனோம். எங்களோடு வெளியூர்க்காரர்கள் ஐந்து பேர். படகை ஓட்டியது ஒரு பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், சொந்தப் படகு, நாலு குட்டை இரும்புக் கம்பி நட்டு மேலே வெயிலுக்குத் துணி கட்டியிருந்தாள். பாலங்களின் வயதையும் கரையோரக் கிடங்குகளின் கதையையும் அவள் அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், நான் சும்மா இருக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று சேர்த்துச் சொன்னேன். இப்போது ஓவியக்கூடமாக இருக்கிறதே பழைய சுங்கக் கட்டடம், அதற்கு அடியிலேயே கால்வாயின் ஒரு கிளை நுழைந்து போகிறது, அந்தக் காலத்தில் சரக்குப் படகுகள் உள்ளேயே போய் மூட்டை இறக்குமாம். வாயிலில் தாழ்வான கல் வளைவு, உள்ளே செல்லக் கூடாது என்று பாசி பிடித்த ஒரு பலகை. உள்ளே சுவரில் பழைய வெள்ளங்களின் அளவை வருஷத்தோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், நான் மீட்டர் பார்க்கப் போகும்போது நிலவறைக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். அதை அந்த ஐந்து பேருக்கும் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு அரிப்பு. "ஐயா, அதுக்குள்ள போக எனக்கு அனுமதி இல்ல, கடல் தண்ணி வேற ஏறுற நேரம்" என்றாள் அவள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊருக்குத் தண்ணி அளந்தவன் நான், ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, எனக்குத் தெரியாதா" என்றேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். வெளியூர்க்காரர்களும் போவோமே, ஐந்து நிமிஷம்தானே என்று சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெண் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், என் நரைத்த தலையை நம்பிப் படகைத் திருப்பினாள். நான் அட்டவணையில் பார்த்து மனதில் வைத்திருந்த நேரம் மறுநாளுடையது என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

உள்ளே இருட்டு, ஈர வாடை, பேசினால் குரல் திரும்பி வந்தது. டார்ச் அடித்து ஒவ்வொரு கோடாகக் காட்டினேன். "ஐயா, போதும், திரும்பணும்" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். ஆகப் பழைய கோடு கடைசியில் இருக்கிறது, இரண்டே நிமிஷம் என்றேன் நான். திரும்பி வாயிலுக்கு வந்தபோது, நுழையும்போது கம்பிக்கு மேல் இரண்டு சாண் இடம் விட்டிருந்த வளைவு இப்போது கம்பியின் தலையில் இடித்தது. தண்ணீர் ஓசையே இல்லாமல் ஏறியிருந்தது. அம்மா முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், படகு தூக்கிப் போட்டதில் கம்பிக்கும் கல்லுக்கும் நடுவில் அவள் கை மாட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். அவள் கத்தவில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். படகுக்காரப் பெண் சுவரில் கழியை ஊன்றிப் படகைப் பின்னுக்குத் தள்ளி அந்தக் கையை விடுவித்தாள்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். பின்னால் இரும்புப் படி இருக்கிறது, நிலவறைக் கதவு இருக்கிறது, எனக்குத் தெரியும், அங்கே போ என்றேன். அவளும் நம்பிப் படகை உள்ளே விட்டாள். படி இருந்தது. கதவு இருந்த இடத்தில் புதுச் சுவர் எழுப்பிப் பூசியிருந்தார்கள். அந்த ஈரச் சுவரை நான் கையால் தட்டித் தட்டிப் பார்த்தேன், வெளியூர்க்காரர்களில் ஒரு அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அங்கே போய் வந்ததில் இன்னும் ஒரு சாண் தண்ணீர் ஏறியிருந்தது. அந்தப் பெண் அதற்கப்புறம் என்னைக் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்து நாலு கம்பியின் நட்டையும் கழற்றி, கம்பியையும் துணியையும் அப்படியே தண்ணீரில் போட்டாள். மோட்டாரை நிறுத்தினாள். "எல்லாரும் மல்லாக்கப் படுங்க, யாரும் தலையத் தூக்காதீங்க, நான் சொல்றப்போ கையால மேல கல்லத் தள்ளுங்க" என்றாள், குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அம்மா ஒற்றைக் கையால் தள்ளினாள். எட்டுப் பேரும் இருக்கைப் பலகைகளில் படுத்துக்கொண்டு தலைக்கு மேல் இருந்த கல்லைத் தள்ளித் தள்ளி வெளியே வந்தோம். வளைவைத் தாண்டும்போது மூக்கு உரசாமல் இருக்க நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது, திருப்பிய பக்கம் அம்மாவின் முகம் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு விரல், மணிக்கட்டு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். படகு உள்ளே போனதையும் நாங்கள் வெளியே வந்ததையும் ஓவியக்கூடக் காவலாளி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார், நீர்வழி அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார், மறுநாளே அந்தப் பெண்ணின் படகைச் சங்கிலி போட்டுப் பூட்டி விசாரணை என்று அறிவித்துவிட்டார்கள். பயணிகள் எல்லாரும் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்கே ஒருவர் தாள் கொண்டுவந்தார். படகு ஏன் உள்ளே போனது என்று எனக்குத் தெரியாது, இதுதான் நான் எழுதியது. அருங்காட்சியகத்தில் தெரிந்தால் அட்டை போய்விடும், உனக்குத் தெரிந்தால் நீ என்ன நினைப்பாய், இந்த இரண்டும்தான் மனதில் இருந்தது. அம்மாவிடம் கேட்டார்கள், கை இப்படி இருக்கும்போது ஒன்றும் எழுத முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் படி இறங்கியதும், "நீங்களா சொல்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணு பொழப்பு போச்சுன்னா, உங்க எதிர்ல உக்காந்து நான் எப்படிச் சாப்பிடுவேன்னு எனக்குத் தெரியல" என்றாள். அதற்கப்புறம் ஒன்பது நாள் வீட்டில் பேச்சே கிடையாது. உன் போன் வரும்போது மட்டும் குரலைச் சரி செய்துகொண்டு பேசுவாள், படிக்கட்டுக் கதையை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்வாள், வைத்ததும் எழுந்து உள்ளே போய்விடுவாள். காய் நறுக்குவது, துணி பிழிவது எல்லாம் நான்தான் செய்தேன், நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு சொல் இல்லை.

அடுத்த வியாழன் அவள் தனியாகக் கிளம்பினாள். நான் செருப்பைத் தேடுவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டாள், பின்னாலேயே போனேன். நேராக அந்த ஓவியக்கூடத்துக்கே போனாள், ஓவியம் எதையும் பார்க்கவில்லை, கால்வாய்ப் பக்கம் இருக்கும் ஜன்னலில் போய் நின்றாள். நான் மேலே ஏறவில்லை, கரை வழியாக இறங்கிப் படகுத்துறைக்குப் போனேன். பூட்டிய படகில் அந்தப் பெண் இருக்கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓட்ட முடியாத படகை எதற்கம்மா கழுவுகிறாய் என்று கேட்டுவிட்டேன், கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, முதலில், "அம்மா கை எப்படி இருக்கு" என்றாள். சொன்னேன். நான் சொல்லித்தான் நீ உள்ளே போனாய் என்று அவர்களிடம் சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னேன் ஐயா. அவங்க எழுதிக்கல. பயணிங்க ஒருத்தரும் அப்படிச் சொல்லலையே, நீயா கத கட்டுறியான்னு கேட்டாங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அடுத்த இருக்கையைத் தேய்க்கப் போய்விட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே ஜன்னலில் அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை விசாரணை. நான் சட்டையை மாற்றுவதைப் பார்த்து அம்மாவும் கிளம்பி வந்தாள், ஆட்டோவில் அந்த மூலையில் அவள், இந்த மூலையில் நான். பயணிகளில் வந்தது நாங்கள் மட்டும்தான், வெளியூர்க்காரர்கள் பயந்துபோனோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நீளமான மேசை, ஓடாத ஃபேன், கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, எதிரே படகுக்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு நாற்காலி போடவில்லை. பேச வேண்டும் என்றேன். என் தாளை எடுத்து முன்னால் வைத்து, "இதுல உங்களுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்களே" என்றார் அதிகாரி. "அது பொய்ம்மா. அவங்க வேண்டாம்னாங்க, நான்தான் கட்டாயப்படுத்தினேன். திரும்பணும்னு ரெண்டு தடவ சொன்னாங்க, நான் விடல. இல்லாத கதவ இருக்குன்னு சொல்லி நேரத்தக் கெடுத்ததும் நான்தான்" என்றேன். "அப்ப ஏன் பொய் எழுதினீங்க" என்றார். "எங்க பொண்ணு என்னப் பெரிய ஆள்னு நெனச்சிட்டிருக்கா" என்றேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனை வயது என்று கேட்பார் என நினைத்தேன், கேட்கவில்லை, புதுத் தாள் ஒன்றைத் தள்ளினார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன், இரண்டு இடத்தில் அடித்து எழுத வேண்டியிருந்தது.

உரிமத்தை ரத்து செய்வதாக இருந்தார்களாம், இப்போது ஒரு மாதம் படகு எடுக்கக் கூடாது என்பதோடு முடித்துவிட்டார்கள். படகு அவளுடையது, முடிவு எடுத்ததும் அவள்தான், அந்த ஒரு மாதம் அவள் ஏற்க வேண்டியதே என்று அதிகாரி சொன்னபோது அந்தப் பெண்ணும் தலையாட்டினாள். வெளியே வந்து நான் கைகூப்பினேன். அவள் கூப்பவில்லை. "நீங்க வந்தது பெரிய விஷயம்தான் ஐயா. ஆனா இனிமே என் படகுல ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அங்கிருந்து நேராக அருங்காட்சியகப் பொறுப்பாளரிடம் போய், யார் யாரோ சொல்லித் தெரிவதற்குள் நானே சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இப்போதைக்கு வேண்டாம் சார் என்றார். அதுவும் நியாயம்தான். வெளியே வாசல் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அட்டை இல்லை என்றேன். "பசிக்குது, எங்கயாவது போய் உக்காருவோம்" என்றாள். ஒன்பது நாளுக்கப்புறம் தானாக வந்த முதல் பேச்சு அது. ஹோட்டலில் அவளுக்கு இடது கையால் எடுத்துச் சாப்பிட வரவில்லை, நான் பிசைந்து கொடுத்தேன், முறைத்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டாள்.

டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கட்டு இன்னும் மூன்று வாரத்தில் பிரித்துவிடுவார்கள், ஆனால் நடுவிரல் முழுசாக மடங்காதாம். சட்டைப் பொத்தான் போடவும் ஊசியில் நூல் கோர்க்கவும் சிரமப்படுவாள். அவளுக்குத் தெரியும். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை, நானும் அவளைச் சொல்ல வைக்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதும் அவளுக்குத் தெரியும், படித்துக் காட்டவா என்று கேட்டேன், உங்க பொண்ணுக்கு எழுதறீங்க, அவளே படிக்கட்டும் என்றுவிட்டாள்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எல்லா நலமும் பெற்று நிறைவாக வாழ வேண்டும், சின்னக்குட்டிக்கு என் முத்தம். சளி மருந்தை டாக்டரைக் கேட்காமல் நீயாகக் கூட்டிக் கொடுக்காதே. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே, இதைப் படித்ததும் முதலில் அம்மாவுக்குப் போன் செய், உன்னிடம் பொய் சொன்னதற்கு அவளை ஒரு வார்த்தை கேட்காதே, அது என்னுடைய பொய், அவள் சுமந்தாள். என்னைக் கேட்க வேண்டியதை எனக்குக் கடிதமாக எழுது. போனில் வேண்டாம். போனில் என் குரலைக் கேட்டால் நீ இரக்கப்பட்டுவிடுவாய்.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா