மருந்து மாறியது, எண் மாறவில்லை

ஜூன் 3, செவ்வாய்

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக மருமகள் ஷிஜி மாதா கோயிலில் சொல்லியிருக்கிறாள். தவறு. நடந்தது இதுதான்: குடல் ஆபரேஷனின் பாதியில் எனக்கு முழிப்பு வந்தது. உள்ளே பிடித்து இழுப்பது தெரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரு பெண் குரல், "நாலரை வண்டிய விட்டா இரணியலுக்கு எப்பம் போவேன்?" என்றது. முப்பத்தொரு வருஷம் தியேட்டர் நர்ஸாக நின்றவள் நான். சொப்பனம் எது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 5

மலம் சேர வயிற்றில் ஒட்டிய பை மறுபடியும் கசிந்தது. இதோடு பூசைக்குப் போக மாட்டேன். பையை எடுத்துக் குடலைச் சேர்க்க அடுத்த மாதம் இரண்டாவது ஆபரேஷன். மறுபடியும் அந்த மேஜை — முடியாது.

ஜூன் 9

மயக்க மருந்துச் சீட்டின் நகல் கிடைத்தது. 2.10க்கு செவோஃப்ளூரேன், இரண்டு சதவீதம். 3.40க்கு அது தீர்ந்து டெஸ்ஃப்ளூரேன். அதுவும் இரண்டு.

மகன் ரிஜோ பார்த்தான். "எம்மா, ஒங்க காலத்துல ஹாலோத்தேன் முக்கால் பர்சென்ட்தானே வச்சிய? இது ரெண்டு. கூடுதல்தானே?"

பெற்ற பிள்ளைக்கு விளக்கினேன். தேவைப்படும் எண் பெரிதானால் மருந்துக்கு வீரியம் குறைவு. கத்தி பட்டும் பாதிப் பேர் அசையாமல் கிடக்க ஹாலோத்தேன் முக்கால் போதும். செவோ இரண்டு வேண்டும். டெஸ் ஆறு வேண்டும். காந்தாரி மிளகாய் நாலு இடுகிற கறிக்குக் குடமிளகாயும் நாலு போதுமா? என் வயதுக்குக் குறைத்தாலும் ஐந்தை ஒட்டி வைக்கணும். நான் அசையாமல் கிடந்தது மயக்கத்தால் இல்லை, தசையைத் தளர்த்தும் ஊசியால்.

"செரி, செரி" என்றான், போனைப் பார்த்துக்கொண்டே.

ஜூன் 12

மயக்க டாக்டர்: "ரெண்டு சரியான அளவுதான் பாட்டி."

"பாட்டி இல்லை. ஸ்டாஃப் நர்ஸ் குளோரி. எந்த மருந்துக்கு இரண்டு?"

மனநல டாக்டர் ஒருவரின் பெயரை எழுதி ரிஜோ கையில் கொடுத்தார். அவனும் வாங்கிக்கொண்டான்.

ஜூன் 13

ஜெபம் வரவில்லை.

ஜூன் 16

"சொப்பனமா இருக்கும் மாமி, விடுங்க" என்றாள் ஷிஜி.

இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். 1984. முட்டம் ரீத்தா, சிசேரியன். "சிஸ்டர், நீங்க பஞ்சு எண்ணினது கேட்டுது. ஒண்ணு கொறயுதுன்னிய" என்றாள். தைக்குமுன் எண்ணியபோது ஒன்று குறைந்தது உண்மை, பிறகு கிடைத்தது. கேட்கிற நிலையில் அவள் இருந்திருக்கக் கூடாது. அன்று மயக்க டாக்டர் இல்லை, மருந்தின் டயலில் கை வைத்தவள் நான். "சொப்பனம் கண்டிருப்ப மக்கா. வெளிய சொல்லாத" என்றேன். அவளுக்கு இருபத்துமூன்று வயது. சொல்லவே இல்லை போலிருக்கிறது.

என்னை யார் நம்பணும் இனி?

ஜூன் 20

ஆபரேஷன் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாயிற்று. பை இருக்கட்டும்.

முட்டம் பங்குச்சாமியாரிடம் விலாசம் வாங்கி இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

ரீத்தா அவர்களுக்கு,

1984இல் உங்கள் சிசேரியனுக்கு நின்ற நர்ஸ் குளோரி நான். நீங்கள் அன்று கேட்டது உண்மை. நான் எண்ணினேன், ஒன்று குறைந்தது. மருந்து போதவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. மறைத்தேன். அதன்பிறகு நீங்கள் எப்படித் தூங்கினீர்கள் என்று தெரியவேண்டும். போன் வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.