மந்திரி அமுக்கும் பட்டன்

ஏப்ரல் 9, காலை 8:10
சுற்றுப்பாதை ஆய்வுக்கூடம். எழுதுவது வேதநாயகி. இங்கே இருப்பது நான் ஒருத்திதான். பொட்டாசியம் அணுக்களை இயற்கையில் எங்கும் இல்லாத குளிருக்கு இறக்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் லேசரால் பிடித்து வைத்திருக்கிறேன். அண்டம் முழுக்க இருக்கும் வெற்றிடம் ஒருநாள் நிலை சரிந்தால், ஒரு குமிழியில் தொடங்கி எல்லாவற்றையும் விழுங்கும் என்கிறார்கள்; எப்படிச் சரியும்? அதற்கு இது ஒரு மாதிரி. பரண் விளிம்பில் நிற்கும் பானை, நிற்கிற வரை நிற்கும். இன்று அணுக்கூட்டத்தின் நடுவில் குமிழி விழுந்தது. லேசரை அணைத்தால் அதுவும் கலைந்துவிடும்.

ஏப்ரல் 11, மாலை 4:30
கலையவில்லை. அணுக்கள் சிதறிப் போயின, குமிழி மட்டும் கடுகளவு நிற்கிறது. உள்ளே போகும் ஒளி திரும்பவில்லை. புது அணுக்களை ஏற்றினேன். தின்றுவிட்டு மிளகளவு ஆனது. இது மாதிரி இல்லை, நிஜம். குளிர்ந்த அணுதான் அதற்குத் தீனி. தீனி நின்றால் மெதுவாகச் சுருங்குகிறது. சில நாள் பட்டினி போட்டால் செத்துவிடும்.

ஏப்ரல் 12, காலை 9:00
தரைக்கட்டுப்பாட்டு இயக்குநர் ஞானசிகாமணியிடம் எல்லாம் சொன்னேன். பதில்:
"நாளைக்கு மந்திரி வந்து பட்டன அமுக்கி ஆய்வ தொடங்கி வைக்கறார்மா. பந்தல் போட்டாச்சு. பத்தரைக்கு நல்ல நேரம். இப்பப் போயி குமிழி கிமிழின்னுட்டு."
ஆறு மாதமாக நடக்கிற ஆய்வைத் தொடங்கி வைக்க ஒரு மந்திரி. தொண்டை வற்றச் சண்டை போட்டேன். பிறகு யோசித்தேன். எந்தத் திறப்பு விழாவிலும் மந்திரி அமுக்கும் பட்டன் வெறும் டப்பாதான், உள்ளே இருக்கிற ஆள்தான் சுவிட்சைப் போடுவார். அந்த ஆள் நான். நான் போட மாட்டேன். அணுக்கள் ஏறும் குழாயைக் கழற்றினால் மறுபடி பொருத்த ஒரு மாதம் ஆகும், அதனால் கழற்றவில்லை.

ஏப்ரல் 13, காலை 10:34
நான் எதையும் தொடவில்லை. அணுக்கள் ஏறின. கீழேயிருந்து ஞானசிகாமணி:
"போன விழால மந்திரி அமுக்கறதுக்கு முன்னாடியே லைட் எரிஞ்சு மானம் போச்சு. அதான் இந்தத் தடவ பட்டனுக்கு நெஜ லைனே குடுத்துட்டோம். எப்படிம்மா?"
அடப்பாவி. பதில் சொல்ல வழியில்லை. நான் ஏடாகூடமாகப் பேசிவிடுவேன் என்று விழா முடியும்வரை என் மைக்கை அடைத்துவிட்டார்கள்.

10:37
கண்ணாடிப் பெட்டி இல்லை. அது இருந்த மேசையும் இல்லை. குமிழி அண்டா அளவு. குழாயைக் கழற்றும் திருகு அதற்கு அந்தப் பக்கம், சுற்றிப் போக இடமில்லை. ஆனால் நின்றுவிட்டது, வளரவில்லை. இப்போதும் பட்டினி போட்டால் சுருங்கும். நான் போனாலும் கீழே இருக்கிறவர்கள் பிழைப்பார்கள். தீனி மட்டும் போடாதீர்கள்.

10:41
கைதட்டல் ஓய்ந்தது.
"ஏம்மா, போட்டோ சரியா விழலையாம். மந்திரி இன்னொரு தடவ அமுக்கறார்."
யோவ் ஞானசிகாமணி, அந்தாளைக் கையை எடுக்கச் சொல்லுய்யா. கையை எடு